காரா காரா ஆரஞ்சு: பார்த்து வாங்குவதும் உரித்துச் சாப்பிடுவதும்

காரா காரா நேவல் வகை ஆரஞ்சு; அடியில் தொப்புள் போன்ற குழி இருப்பதால் அந்த வகைக்கு ‘நேவல்’ (தொப்புள்) என்று பெயர். காரா காராவையும் அதே வகையைச் சேர்ந்த வாஷிங்டன் நேவல் ஆரஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே நிறத் தோல், அடியில் அதே தொப்புள். நறுக்கினால்தான் காரா காராவின் இளஞ்சிவப்புச் சதை தெரியும். கலிபோர்னியாவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கிடைக்கிறது. கடையில் பெயர்ச் சீட்டைப் பார்த்துத்தான் நான் எடுப்பேன்.

தோலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவுக் குளிர் பட்டால் தோல் மஞ்சளிக்கும். உள்ளே இனித்திருக்கிறதா என்பது வேறு விஷயம். ஒரே அளவுப் பழங்கள் இரண்டைக் கையில் ஏந்திப் பாருங்கள். கனமானதில்தான் சாறு அதிகம். பிறகு கவிழ்த்து அடியைப் பாருங்கள். தொப்புள் அகலத் திறந்திருந்தால் வைத்துவிடுங்கள். பூச்சியும் பூஞ்சணமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

காம்புப் பக்கம் நகத்தால் கீறி உரிக்கத் தொடங்குங்கள். அடிக்கு வரும்போது, பெரிய சுளைகளுக்கு நடுவே விரல் நுனி அளவில் குட்டிச் சுளைகள் சில ஒட்டிக்கொண்டிருக்கும். அது பழத்துக்குள் வளர்ந்த இன்னொரு பழம்; தொப்புளாகத் தெரிந்தது அதன் நுனிதான். தூக்கி எறிந்துவிடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

விதை இல்லாததால் ஒட்டுக் கட்டித்தான் இந்த மரத்தைப் பெருக்க முடியும். பிரேசிலின் பாஹியாவில் தோன்றிய நேவல் ஆரஞ்சின் ஒட்டுக்கன்றுகளை 1870-இல் அமெரிக்க வேளாண் துறையின் வில்லியம் சாண்டர்ஸ் வாஷிங்டனுக்கு வரவழைத்தார். அங்கிருந்து 1873-இல் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நட்ட மரங்களில் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அந்த வாஷிங்டன் நேவலிலிருந்து இயற்கையான மாற்றத்தால் தோன்றியதாகக் கருதப்படும் காரா காராவை 1976-இல் வெனிசுவேலாவின் வலென்சியா நகரில், காரா காரா என்ற பண்ணையில் கண்டார்கள். பெயரும் அதிலிருந்து வந்ததே. சிவப்புக்குக் காரணம் தக்காளியில் உள்ள அதே லைக்கோபீன் என்ற நிறமி. ரத்த ஆரஞ்சின் கருஞ்சிவப்பு வேறு, அது ஆந்தோசயனின் என்ற நிறமி. காரா காராவில் புளிப்பு குறைவு. அதனால்தான் இத்தனை இனிப்பாகத் தோன்றுகிறது.

சாறு பிழிந்தால் உடனே குடித்துவிடுங்கள். பிழிந்த பிறகு நேவல் ஆரஞ்சுச் சாற்றில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் உருவாகிக் கசப்பு ஏறும். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது போகாது. காலையில் பிழிந்து மாலைக்கு எடுத்துவைக்க வேண்டுமென்றால் வலென்சியா என்ற வேறு வகை ஆரஞ்சை வாங்குங்கள்.