கப்பி மீன் குட்டி போட்டுவிட்டதா? முதல் ஒரு மாதத்தைத் தாண்ட வைப்பது இப்படி

கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தான் நீந்துகின்றன. அதனால் நீங்கள் வாங்கி வரும் பெண் கப்பி அநேகமாக ஏற்கெனவே சினையாகத்தான் இருக்கும். பெண்ணை மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அடுத்தடுத்துக் குட்டி போடும். ஆக, குட்டி பிறக்க வைப்பது ஒரு வேலையே இல்லை. வளர்த்தெடுப்பதுதான் வேலை. அதிலும், பட்டினியால் சாகும் குட்டிகளைவிட, பாசத்தில் அள்ளிப் போட்ட தீவனம் அழுகி, அதனால் சாகும் குட்டிகளே அதிகம்.

1. தொட்டியை முதலில் தயார் செய்யுங்கள்

சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். அதற்குள் 30 லிட்டர் அளவில் ஒரு தனித் தொட்டி தேவை. சின்ன ஜாடியில் தண்ணீர் சீக்கிரம் கெடும், வெப்பமும் சட்டென ஏறி இறங்கும். அடியில் கல், மணல் எதுவும் வேண்டாம். வெறும் கண்ணாடியாக இருந்தால்தான் அழுக்கு கண்ணில் படும்.

ஃபில்டர் என்றால் ஏர் பம்ப் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் (பஞ்சு) ஃபில்டர் மட்டும்தான். மோட்டார் வைத்த மற்றவை குட்டியை உறிஞ்சிவிடும். புது ஸ்பாஞ்சை வாங்கியவுடன் போட்டுப் பயனில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். அதனால் இப்போதே பெரிய தொட்டிக்குள் அதை ஓட விட்டு வையுங்கள், குட்டி வந்ததும் இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று: ஆர்ஓ தண்ணீர் வேண்டாம். கப்பிக்குக் கொஞ்சம் உப்புச்சத்துள்ள கடினமான நீர்தான் பிடிக்கும். நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் ஒத்துப்போகும். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்ட்டி க்ளோரின் சொட்டு விட்டுப் பயன்படுத்துங்கள். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஹீட்டர் தேவைப்படும். சமவெளியில் கவலை வெயில் காலத்தைப் பற்றித்தான்: மூடியைத் திறந்து வைத்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேனை ஓட விடுங்கள்.

2. தாயிடமிருந்து காப்பாற்றுதல்

வயிறு பெட்டி மாதிரிச் சதுரமாகி, பின்பக்கம் உள்ள கரும்புள்ளி அடர்ந்து, மீன் மூலையில் ஒதுங்கி நின்றால் நேரம் நெருங்கிவிட்டது. பிறந்த குட்டிகளைத் தாயே தின்னும். கடைக்காரர் பிரீடிங் பாக்ஸை, அதாவது தாயைத் தனியே அடைத்துக் குட்டி போட வைக்கும் சின்னப் பெட்டியை, கையில் கொடுப்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவ்வளவு குறுகிய இடத்தில் நிறைமாத மீனை அடைத்தால் மிரண்டுபோகிறது. குட்டிகளுக்கான தனித் தொட்டியில், அவை ஒளிந்துகொள்ள ஜாவா பாசி என்ற நீர்ச்செடியை அடர்த்தியாகப் போட்டு, தாயைச் சில நாள் முன்னதாகவே அங்கே விடுங்கள். போட்டு முடித்ததும் தாயை எடுத்துவிடலாம். ஒரு பேற்றில் 20, 30 குட்டி சாதாரணம்; பெரிய மீன் இன்னும் அதிகம் போடும்.

3. தீவனம்

பிறந்த அன்றே சாப்பிடத் தொடங்கிவிடும். வாய் ரொம்பச் சின்னது. பெரிய மீனுக்குப் போடும் அதே தீவனத்தை விரல்களுக்கிடையே மாவாகும் வரை தேய்த்துப் போட்டால் போதும். 'குட்டித் தீவனம்' என்று தனி டப்பாவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுதான். வேகவைத்த முட்டை மஞ்சள் கருவும் போடலாம், ஆனால் கடுகளவு எடுத்துத் துணியில் கட்டி, ஒரு தம்ளர் நீரில் கசக்கி, அந்த நீரில் ஒரு ஸ்பூன் மட்டும். தண்ணீரைக் கெடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

நல்ல வளர்ச்சி வேண்டுமென்றால் ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் மிகச் சின்ன இறால் போன்ற உயிரி. சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அதன் முட்டை கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் 25, 30 கிராம் கல் உப்பைக் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, கால் ஸ்பூன் முட்டை போட்டு, ஏர் ட்யூபை அடிவரை விட்டுக் குமிழ் நன்றாகக் கொப்பளிக்க வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் துடிப்பவை அடியில் சேரும். அதை மட்டும் ட்யூபால் இறக்கி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு வேண்டாம், குட்டியின் குடலில் சிக்கும். தின்ற குட்டிகளின் வயிறு ஆரஞ்சாக உப்பித் தெரியும்; வேறு கணக்கே வேண்டாம், அதைப் பார்த்து நிறுத்திவிடலாம்.

4. தண்ணீர் மாற்றுவது

தினமும் இரவில் ஏர் ட்யூபின் நுனியில் கொசுவலைத் துணியைக் கட்டாமல், வெறும் ட்யூபாலேயே அடி அழுக்கை உறிஞ்சுங்கள். துணி கட்டினால் அழுக்கு ஏறாது. தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள். தப்பித் தவறி உள்ளே போன குட்டி வெள்ளையில் கரும்புள்ளியாக ஓடும், கரண்டியால் எடுத்துத் திரும்ப விடலாம். இப்படிப் பத்தில் ஒரு பங்கு போகும், அதே அளவு, அதே வெப்பத்தில் புதுத் தண்ணீரை ஏர் ட்யூப் வழியாகவே மெதுவாக இறக்குங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், பாக்டீரியா செத்துவிடும். எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

5. பிரித்தல்

நான்காவது வாரத்திலிருந்து கவனியுங்கள். பெண்ணுக்கு வயிற்றடியில் கரும்புள்ளி தெரியும். ஆணுக்கு அடித்துடுப்பு குச்சி மாதிரிக் குறுகும். உடனே தனித்தனியாகப் பிரிக்காவிட்டால் அடுத்த தலைமுறை வாசலில் நிற்கும். முதுகு வளைந்தவற்றை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

பெரிய மீனின் வாய்க்குள் போகாத அளவு வளர்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மிஞ்சியவற்றைக் கடைக்கோ தெரிந்தவர்களுக்கோ கொடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் விட வேண்டாம். இது தென் அமெரிக்க மீன், நம் சின்ன மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.