பழைய புல்லட்டுக்குப் பிளக் வயர் மாற்றுவது எப்படி?

சமதளத்தில் ஒழுங்காக ஓடுகிற வண்டி, மலை ஏற ஆரம்பித்ததும் மிஸ்ஸிங் அடிக்கிறதா? மழையில் நனைந்தால் எத்தனை உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறதா? கார்புரேட்டரில் கை வைக்கும் முன், இக்னிஷன் காயிலிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் பிளக் வயரைப் பாருங்கள். லாங் ரைடுக்குப் பழைய புல்லட்டை எடுப்பவர்கள் பலர் கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள். ஆனால் செலவும் வேலையும் குறைவு என்பதால் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த, காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350-ஐ மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் மலையில் மட்டும்? த்ராட்டிலை முழுக்கத் திருகும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் போய் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, பிளக் முனையின் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். வயரின் ரப்பர் வெடித்திருந்தால் கரண்ட் அவ்வளவு சிரமப்படாது, பக்கத்தில் இருக்கும் இன்ஜின் ஃபின்னுக்கே (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) தாவிவிடும். அதனால்தான் ஐடிலில் சாதுவாக நிற்கிற வண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முரண்டு பிடிக்கிறது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, இரவில் வெளிச்சமில்லாத திறந்த இடத்தில் வண்டியை ஓடவிட்டு, வயர் மேல் லேசாகத் தண்ணீர் ஸ்பிரே செய்யுங்கள். பெட்ரோல் கசிவு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கரண்ட் லீக் இருந்தால் வயரிலிருந்தோ, பிளக் தலையில் மாட்டும் கேப்பிலிருந்தோ நீலப் பொறி டிக் டிக்கென்று தாவுவது கண்ணுக்கே தெரியும். தொட்டுப் பார்க்காதீர்கள், அதில் ஓடுவது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

சரி, கடைக்குப் போகலாம். சென்னை என்றால் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை. 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள, உள்ளே செம்புக் கம்பி ஓடும் வயரைக் கேளுங்கள். கார்பன் நூல் வைத்த வயர் இதற்கு ஆகாது. கேப்புக்குள் இருக்கும் ஸ்க்ரூ செம்புக் கம்பியைத்தான் பிடிக்கும், நூலில் வழுக்கும். கேப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் கேப் போதும்.

வேலையை இன்ஜின் ஆறிய பிறகே தொடங்குங்கள். இக்னிஷன் ஆஃப், சாவி உங்கள் பையில். பிளக்கிலிருந்து கழற்றும்போது வயரை இழுக்காமல், கேப்பைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். அப்புறம் வயர் போகும் வழியைக் கையால் தொடர்ந்து போனால், உயர் வோல்டேஜ் உண்டாக்கும் காயில் வந்துவிடும். பெரும்பாலும் டேங்குக்கு அடியில் இருக்கும். கை நுழையவில்லையா? பெட்ரோல் டேப்பை மூடி, ஹோஸைக் கழற்றி, டேங்கை எடுத்துவிடுங்கள். பழைய வயர் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

காயில் முனையைப் பார்த்துத்தான் அடுத்த வேலை. திருகு மூடி வயரைப் பிடித்திருந்தால், மூடியைக் கழற்றினால் வயர் வந்துவிடும். வெறுமனே செருகியிருந்தால் ரப்பர் உறையை விலக்கி நேராக இழுங்கள். வயர் காயிலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் குடைந்து எடுக்கப் பார்க்காதீர்கள், காயிலையே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

புது வயரைப் பழையதன் நீளத்துக்கு, ஒரு விரல் அளவு கூடுதலாக, முனை சாயாமல் நேராக வெட்டுங்கள். மழுங்கின பிளேயரில் நசுக்கி வெட்டினால் கம்பி உள்ளே போய்விடும். காயில் பக்கம் அடி முட்டும்வரை செருகி மூடியை இறுக்குங்கள். மறுமுனையைக் கேப்புக்குள் நுழைத்து, கேப்பை வலப்பக்கமாகத் திருகுங்கள். கொஞ்சம் இறுகி, இழுத்தாலும் வராமல் நின்றால் ஸ்க்ரூ கம்பிக்குள் ஏறிவிட்டது. காயிலில் மாட்டும் முன்பே கேப்பைப் போட்டு, இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. 5 கிலோ ஓமை ஒட்டி வர வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் ஸ்க்ரூ கம்பியைத் தொடவில்லை. முனையை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள்.

வயர் ஃபின்னிலோ டேங்க் விளிம்பிலோ உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமோடு டைட்டாகக் கட்டிவிடாதீர்கள், இன்ஜின் அதிரும்போது கொஞ்சம் தளர்வு வேண்டும்.

இனி சோதனை. பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் நன்றாகப் படும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். இக்னிஷனை ஆன் செய்து கிக் அடித்தால் நீலம் கலந்த வெள்ளைப் பொறி சத்தத்தோடு விழ வேண்டும். பார்த்ததும் இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நின்றால் பாயிண்ட் மூடியிருக்கிறது என்று அர்த்தம், அப்படியே விட்டால் காயில் சூடாகிக் கெடும். காஸ்ட் அயர்ன் இன்ஜின் என்றாலும் புல்லட்டின் ஹெட் (பிளக் ஏறும் மேல் பகுதி) மென்மையான அலுமினியம், ஆகவே பிளக்கைத் திரும்பப் போடும்போது முதலில் விரலால் மரையேற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்கள்.

பொறி மஞ்சளாக, சோம்பலாக விழுந்தால் புது வயரைத் திட்டாதீர்கள். அடுத்து பார்க்க வேண்டியது பாயிண்ட்டும், அதோடு இணைந்த கண்டன்ஸரும் (கெபாசிட்டர்).