கவர் வாங்காம கடைக்குப் போய்ட்டு வர்றது எப்படி

பை எல்லார் வீட்லயும் தான் இருக்கு, ஆனா நாம பாதி சாமான் வாங்குறது ஆபீஸ் விட்டு வர்ற வழியில, அப்போ வீட்டு ஆணில தொங்குற பை எதுக்கு உதவும் சொல்லுங்க. அதனால ஒரு பைய மடிச்சு வண்டி சீட்டுக்கு அடியில போட்டுடுங்க, இன்னொன்னு ஹேண்ட்பேக்ல. வீட்டுக்கு வந்து சாமான எடுத்து வச்ச கையோட பைய வண்டிச் சாவி பக்கத்துல மாட்டிடணும், இது ஒன்னு பழகிட்டா போதும். கோயம்பேடு மார்க்கெட்ல 10 ரூபா போட்டா மஞ்சப்பை வர்ற மெஷினே வச்சாங்க.

துணிக்கடையில தர்ற கலர் பைய நம்பாதீங்க. தொட்டா துணி மாதிரி இருக்கும், ஆனா உத்துப் பாருங்க, நூல் ஓட்டமே இருக்காது, புள்ளி புள்ளியா அழுத்துன அச்சு தான் தெரியும், அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்கே தான். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல பிளாஸ்டிக் தடை வந்தப்போ அந்த லிஸ்ட்ல இதையும் சேத்தாங்க. ஏற்கனவே இருக்குறத கிழியிற வரைக்கும் யூஸ் பண்ணுங்க, புதுசா கை நீட்டி வாங்க வேணாம்.

காய்கறிக்கு தனித்தனி கவரே வேணாங்க, உருளை வெங்காயம் அடியில, தக்காளி கடைசியா மேல, பச்சை மிளகாய் மாதிரி சின்னதுக்கு பழைய வேட்டியில தச்ச ரெண்டு சுருக்குப் பை.

கஷ்டம் எங்கன்னா கறிக்கடை, மீன்கடை, ஓட்டல் பார்சல், இங்க பை மட்டும் இருந்தா பத்தாது. கறிக்கடைக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கொண்டு போங்க, அவர் கவர உருவுறதுக்கு முன்னாடியே டப்பாவ நீட்டி "அண்ணே, இதுல போடுங்க, மொதல்ல காலி டப்பாவ வச்சு ஜீரோ பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிடணும், எலக்ட்ரானிக் தராசுல அது ஒரே பட்டன். எங்க ஏரியா கடைக்காரர் மொத தடவை எடை குழப்பம் வரும்னு தயங்குனாரு, நாலு வாரத்துல அவரே டப்பாவுக்கு கை நீட்ட ஆரம்பிச்சிட்டாரு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

ஓட்டலுக்கு தூக்குவாளி தான் பெஸ்ட். கொதிக்கிற சாம்பார பிளாஸ்டிக் கவர்ல கட்டி ரப்பர் பேண்ட் போடுறத பாத்தாலே மனசு பதறுது, அத தானே நம்ம புள்ளைங்களுக்கு ஊத்துறோம். கூட்ட நேரத்துல டப்பா நீட்டுனா அவங்களுக்கும் சிரமம், போன்லயே சொல்லிட்டு பாத்திரத்த முன்கூட்டியே குடுத்துடுங்க. இட்லி மாவுக்கும் இதே கதை தான். பேப்பர் கப்புல டீ பார்சல் வாங்குறதும் வேணாம், உள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, பிளாஸ்க் எடுத்துட்டுப் போங்க.

பால் பாக்கெட்ட தவிர்க்க முடியலன்னா மூலைய துண்டா வெட்டி எறியாதீங்க, அந்த சின்னத் துண்டு நேரா சாக்கடைக்கு தான் போகும். பாதி வெட்டி தொங்க விடுங்க, கழுவி காயவச்சு சேத்து வச்சா பழைய பேப்பர் கடையில எடுத்துப்பாங்க. ஷாம்பு சாஷே, சிப்ஸ் கவர் இதெல்லாம் பல அடுக்கா ஒட்டுனது, பிரிக்கிறது கஷ்டம், அதனால பழைய சாமான் கடையில சீண்டமாட்டாங்க. அத வாங்காம இருக்குறது தான் வழி, ஷாம்பு பெரிய பாட்டிலா வாங்குங்க, இல்ல சீயக்காய மில்லுல குடுத்து அரச்சு வச்சுக்கோங்க.