குமரி மாவட்டத்துக்கு மிஷன் வாலண்டியரா வர்றீங்களா, முதல் மூணு மாசம் இப்படி ஓட்டுங்க

ஒரு வருஷம் சேவை செய்யணும்னு கிளம்பி வர்ற பிள்ளைங்கள்ல முக்கால்வாசி பேரு டியூஷன் ஆரம்பிக்கணும், யூத் மீட்டிங் போடணும், மெடிக்கல் கேம்ப் வைக்கணும்னு பெரிய பிளானோடதான் பஸ்ஸ விட்டு இறங்குறாங்க. ஆசை நல்லதுதான். ஆனா 1544-லயே சவேரியார் வந்து ஞானஸ்நானம் குடுத்துட்டுப் போன கடற்கரை இது, டியூஷன், சங்கம், சபை எல்லாம் ஏற்கெனவே இருக்கு, சில பங்குல (ஒரு பாதருக்குக் கீழ வர்ற கோயிலும் ஊரும் சேர்ந்ததுதான் பங்கு) தேவைக்கு மேலயே இருக்கு. அதனால முதல் மூணு மாசத்துக்கு உங்க வேலை ரெண்டே ரெண்டு. இந்த ஊர் ஜனங்க எந்த நேரம் சும்மா இருப்பாங்கன்னு கண்டுபிடிக்கிறது, எந்த விஷயத்துக்கு யார்கிட்ட போய் நிக்கணும்னு தெரிஞ்சுக்கிறது. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல எந்த மறைமாவட்டத்துக்கு, அதாவது எந்த பிஷப்புக்குக் கீழ வர்ற பகுதிக்கு வந்திருக்கோம்னு பாத்துக்கோங்க. கோட்டாறு 1930-ல கொல்லத்துல இருந்து பிரிஞ்சது, அதுல இருந்து 2014-ல குழித்துறை தனியாச்சு, இது ரெண்டும் லத்தீன் ரீத்து, அதாவது லத்தீன் வழிபாட்டு முறை. இது போக 1996-ல வந்த தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரை, ஆக ஒரே சின்ன மாவட்டத்துல நாலு பிஷப்பு. மார்த்தாண்டம் பக்கம் போனா ஒரே ரோட்டுல லத்தீன் கோயிலும் இருக்கும் மலங்கரை பள்ளியும் (அவங்க கோயிலத்தான் பள்ளின்னு சொல்வாங்க) இருக்கும், பக்கத்துலயே புராட்டஸ்டன்ட் சபைங்களான சிஎஸ்ஐயும் இரட்சணிய சேனையும் இருக்கும், எல்லாத்தையும் ஒண்ணுன்னு நெனச்சு பேசிறாதீங்க. மலங்கரை குர்பானாவுக்கு, அதாவது அவங்க பூசைக்குப் போனா எப்ப எழும்பணும் எப்ப இருக்கணும்னு குழப்பம் வரும், முன்வரிசைல ஒரு பாட்டி இருப்பாங்க, அவங்கள பாத்து செஞ்சா போதும்.

யார்கிட்ட கேக்குறதுன்னா, எல்லாத்துக்கும் பாதர்கிட்ட ஓடாதீங்க. பங்குப் பேரவைக்கு தலைவர் பாதர்தான், ஆனா ஹால் சாவி, மைக் செட்டு, நாற்காலி, யார் வீட்டுல யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்ல, இதெல்லாம் தெரிஞ்சவர் உபதலைவர். வீட்டு விஷயம்னா அன்பியத்து பொறுப்பாளர் அக்கா. முப்பது நாப்பது வீட்டுக்கு ஒரு அன்பியம் இருக்கும், எந்த வீட்டுல சுகமில்லாதவங்க கெடக்காங்க, எந்த பிள்ள ஸ்கூலுக்குப் போகாம நிக்கிது எல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும். உபதேசியார் (பாதருக்கு உதவியா ஜெபமும் மறைக்கல்வியும் நடத்துறவர்) இருக்கிற பங்கா இருந்தா அவரையும் விட்டுறாதீங்க, பாதர்மார் வந்து மாறிப் போவாங்க அவர் மாற மாட்டார்.

இப்ப நேரம். இதுலதான் வெளியூர் ஆளுங்க ரொம்ப தடுமாறுறாங்க. கடற்கரைப் பங்குன்னா காலைல கரைல மீன் ஏலம் நடக்கும், அந்நேரம் வீடு வீடா போனா பெருசா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, மத்தியானம் தூங்குற நேரம், அப்ப கதவ தட்டிறாதீங்க. ஞாயித்துக்கிழமை பொதுவா தொழிலுக்குப் போக மாட்டாங்க, ஆம்பளைங்கள பாக்கணும்னா அன்னைக்குத்தான். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம்னா கதையே வேற, அங்க ஆழ்கடலுக்குப் போறவங்க வாரக்கணக்குல வீட்டுல இருக்க மாட்டாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் பெரியவங்களும்தான் ஊர்ல. அப்புறம் மீன்பிடி தடைக்காலம், இது நம்ம மாவட்டத்துல ரெண்டா வரும், சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரை கணக்குல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்கு கணக்குல ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுக்குத்தான் தடை, வள்ளம் போகும், ஆனாலும் கைல காசு ஓடாத காலம் அது, அதோட ஸ்கூல் திறக்குற செலவும் அதுக்குள்ளதான் வந்து விழும். அப்ப போய் டூருக்கு ஆளுக்கு முந்நூறு ரூவா தாங்கன்னு பிள்ளைங்க கையில நோட்டீஸ் குடுத்து விட்டா அம்மாமாருக்கு எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுக்கோங்க.

மலையோரம், குலசேகரம் அருமனை பக்கம்னா ரப்பர். பால் வெட்டுறவங்க வெளுப்புக்கு முன்னாலயே தோட்டத்துல இருப்பாங்க, ராத்திரி சீக்கிரம் படுப்பாங்க, ஒன்பது மணிக்கு மீட்டிங் வச்சா பாதிப் பேர் கொட்டாவி விடுவாங்க. மழை பேஞ்சா வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. இங்க ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழைன்னு ரெண்டும் உண்டு, குடை இல்லாம வந்தவங்க முதல் வாரத்துலயே வாங்கிருவாங்க. கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரிப் பருப்பு ஆலைக்குப் போற அக்காமார் சாயங்காலம்தான் வருவாங்க, வந்து சோறு வச்சு முடிச்ச பெறவுதான் அன்பியக் கூட்டம்.

வீடு சந்திக்கப் போறப்ப அன்பியத்து அக்காவக் கூட்டிட்டுப் போங்க, தனியா போகாதீங்க. வாசல்ல செருப்ப கழட்டுறதுக்குள்ள கேள்வி வந்துரும், "எந்த ஊரு மக்கா, அப்பாவுக்கு என்ன சோலி, கூடப்பிறந்தது எத்தன பேரு?" இது வம்பு இல்ல, இங்க பாசம் இப்படித்தான் ஆரம்பிக்கும், நேரா பதில் சொல்லுங்க. சாயா வரும், வேண்டாம்னு சொல்லிறாதீங்க, வயிறு தாங்கலன்னா பாதி குடிச்சிட்டு வைங்க. மரச்சீனி அவிச்சதும் சாளைக் கறியும் வந்தா அது உங்களுக்குன்னு எடுத்து வச்சது, ரசிச்சு சாப்பிடுங்க, காரம் ஜாஸ்தின்னா மட்டிப்பழம் கேளுங்க குடுப்பாங்க. சுவத்துல மாலை போட்ட போட்டோ இருந்தா "இது யாரு, எப்படி இறந்தாங்க"ன்னு முதல் நாளே கேக்காதீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் 30 ஒக்கி புயல், ரெண்டும் இந்தக் கரையில எத்தனையோ வீட்டுல ஆள எடுத்துட்டுப் போயிருக்கு, ஒக்கில கடலுக்குப் போனவங்கள்ல உடலே கெடைக்காதவங்க உண்டு. அவங்களா சொல்லுவாங்க. ரெண்டாவது வாட்டியோ பத்தாவது வாட்டியோ போறப்ப சேலைத் தலைப்பால அந்த போட்டோவ தொடச்சுக்கிட்டே சொல்லுவாங்க, அப்ப நீங்க அறிவுரை ஒண்ணும் சொல்ல வேண்டாம், இருந்து கேளுங்க.

பிள்ளைங்க விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கறார். கதவ அடச்ச ரூம்ல ஒரு பிள்ளையோட தனியா இருக்கக்கூடாது, போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது, ராத்திரி மெசேஜ் கிடையாது. ஏதாவது தப்பா தோணுச்சுன்னா 1098, பிள்ளைங்களுக்கான உதவி எண். பிள்ளைங்கள பாலியல் கொடுமைல இருந்து காக்குற போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே குத்தம், கோயில் பேரு கெட்டுரும்னு யாராவது அமுக்கப் பாத்தா அதுக்கு நீங்க தலையாட்ட வேண்டாம்.

காசு கடன் குடுக்காதீங்க, வாங்காதீங்க. உதவி கேட்டு வந்தா வின்சென்ட் தே பால் சபைக்குக் கை காட்டுங்க, அவங்ககிட்ட விசாரிச்சுக் குடுக்குற முறை உண்டு.

இன்னொண்ணு. 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்துல இந்துக்களும் கிறிஸ்தவங்களும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, 1982-ல மண்டைக்காட்டுல நடந்த கலவரத்த பெரியவங்க யாரும் மறக்கல. டியூஷனுக்கு இந்து வீட்டுப் பிள்ளைங்களும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைங்களும் வருவாங்க, வந்தா கணக்கு சொல்லிக் குடுங்க, கூடவே ஜெபப் புக்கு குடுக்குற சாமர்த்தியம் வேண்டாம். பக்கத்துல இந்துக் கோயில்ல கொடைத் திருவிழா நடக்குறப்ப நம்ம ஸ்பீக்கர் சத்தத்தக் கொறைங்க, அவங்களும் கொறப்பாங்க.

லீவு நாள்ல ரூம்லயே சுருண்டு கெடக்காதீங்க, வீட்டு நெனப்பு அப்பத்தான் அமுக்கும். வடசேரி பஸ்ஸ்டாண்டுல பஸ் ஏறி ஆரல்வாய்மொழி இறங்கி காற்றாடிமலை போங்க, தேவசகாயம் பிள்ளைய 1752 ஜனவரி 14-ல சுட்டுக் கொன்ன இடம். நட்டாலத்துல பொறந்த மனுஷன், குருப்பட்டம் வாங்கல, துறவற சபைல சேரல, நம்மள மாதிரி சாதாரண விசுவாசி, 2022 மே 15-ல போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் குடுத்தார். கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள்ளயே இருக்கு, அதையும் பாத்துட்டு வாங்க.

திருவிழாவுக்கு மட்டும் லீவு போட்டு ஊருக்குப் போயிறாதீங்க. கோட்டாறுல நவம்பர் 24 கொடியேறி டிசம்பர் 3 வரைக்கும் நடக்கும், மத்த ஊர்லயும் பத்து நாள்தான் வழக்கம், ஒரு வருஷம் வீடு சந்திச்சாலும் கெடைக்காத பழக்கம் அந்தப் பத்து நாள்ல கெடைச்சிரும். ஆனா மேடைல ஏறி நிகழ்ச்சி நடத்துறேன்னு நிக்காதீங்க, அதுக்கு ஊர்ல ஆள் அடிச்சுக்கும். கொடியேத்தத்துக்கு ரெண்டு வாரம் முன்னாலயே உபதலைவர்கிட்ட போய் எந்தக் கமிட்டில ஆள் கொறையுதுன்னு கேளுங்க, அனேகமா சாப்பாட்டுக் கமிட்டியாத்தான் இருக்கும், பழைய சட்டை ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க.