ஆம்புலன்ஸ் வாங்க அல்ல, ஓட்டப் பணம் கேளுங்கள்: வடசென்னை அறக்கட்டளைகளுக்கு

வடசென்னையில் இலவச ஆம்புலன்ஸ் ஓட்டும் அறக்கட்டளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குகின்றன. வண்டி வாங்கித் தர ஆள் கிடைத்துவிடும். டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் ஆள் கிடைக்காது. பிரிட்டனில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கும் இதே பாடுதான். 2019 வாக்கில் அரசு அவற்றுக்கு 1 கோடி பவுண்டு கொடுத்தபோதும் அது ஹெலிகாப்டர், தளம், கருவி வாங்கத்தான். பறக்கும் செலவை நன்கொடைகளே சுமக்கின்றன. நம் ஊர் எம்.பி. தொகுதி நிதியும் அப்படியே. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் இருந்தாலும், அதில் மாதாமாதம் வரும் செலவுக்கு இடம் இல்லை.

ஓட்டும் செலவுக்கு நம் பக்கம் தட்டவேண்டிய கதவு, பொதுத்துறை நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது சமூகப் பொறுப்புக்காக நிறுவனங்கள் ஒதுக்கும் பணம். மணலியில் சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் காமராஜர் துறைமுகம், வல்லூரில் அனல்மின் நிலையம். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135இன்படி, சட்டம் சொல்லும் அளவை எட்டிய நிறுவனம் முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அதனால் முதலில் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து லாபத்தைப் பாருங்கள். நட்டத்தில் ஓடிய ஆண்டுகள் சராசரியைத் தின்றிருந்தால், அங்கே பெரிய தொகை கேட்பது வீண்.

உங்கள் பக்கம் இருக்க வேண்டியவை: 12ஏ பதிவு (அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை), 3 ஆண்டு சேவை செய்த சான்று, சி.எஸ்.ஆர்-1 படிவம் கொடுத்து மத்திய அரசிடம் வாங்கும் எண். இந்த எண் இல்லாத அறக்கட்டளை மூலம் 2021 ஏப்ரல் முதல் எந்த நிறுவனமும் சி.எஸ்.ஆர். பணி செய்ய முடியாது. அந்தப் படிவத்தில் ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். அரசு மானியத்துக்கும் முயல்வதாக இருந்தால் தர்பண் எண்ணையும் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளப் பதிவு) இப்போதே வாங்கி வையுங்கள்.

போகும் நேரம் முக்கியம். நிறுவனங்கள் அடுத்த நிதியாண்டின் சி.எஸ்.ஆர். திட்டத்தை முன்கூட்டியே வகுத்துவிடும். அக்டோபர் முதல் ஜனவரிக்குள் மனு உள்ளே இருக்கட்டும். மார்ச்சில் போனால் மிச்சம் மீதிதான், அதையும் 31ஆம் தேதிக்குள் செலவழிக்கச் சொல்வார்கள். சம்பளத்தை அப்படி ஒரே மாதத்தில் செலவழிக்க முடியுமா?

மனுவின் உயிர் செலவுப் பட்டியலில் இருக்கிறது. இரவு பகலாக ஓடும் வண்டிக்கு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் 3.5 ஆள், அதாவது 4 ஓட்டுநர், 4 மருத்துவ உதவியாளர். ஒரு வண்டிக்கு 8 பேர். 'மூன்று ஷிப்ட், மூன்று பேர்' என்று எழுதுபவர்கள் வார விடுமுறையை மறந்துவிடுகிறார்கள். ஆறாவது மாதம் ஓட்டுநர் தூங்காமல் வண்டி எடுக்கிறார். இது உயிர் விஷயம், இதில் கணக்கைக் குறைத்துக் காட்டாதீர்கள். ஆள் எண்ணிக்கை 10ஐத் தொட்டால் இ.எஸ்.ஐ., 20ஐத் தொட்டால் பி.எஃப். அதில் அறக்கட்டளை கட்டும் பங்கையும் சேர்த்தே கேளுங்கள்.

இந்தச் சம்பளங்களைத் 'திட்டச் செலவு' என்ற தலைப்பில் போடுங்கள். 'நிர்வாகம்' என்று எழுதினால், நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத வரம்பைக் காட்டி வெட்டிவிடுவார்கள். அந்த வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கு உரியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதில் வரமாட்டார்.

டீசலைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் கேட்காதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டினால், ஏ.சி. ஓட, வண்டி நகராமல் டீசல் எரியும். கிலோமீட்டருக்கு ஒரு தொகை, இன்ஜின் ஓடும் மணி நேரத்துக்கு ஒரு தொகை என்று இரண்டாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு இடித்து, டீசல் திருட்டு என்று தணிக்கையில் எழுதுவார்கள்.

ஆக்சிஜனும் அப்படியே. பி வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 100 நிமிடம்தான். எண்ணூரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை போய், அங்கே ஸ்ட்ரெச்சர் மாற்றும் வரை காத்திருப்பதையும் கூட்டினால் ஒரு சிலிண்டரை நம்ப முடியாது. டி வகை பெரிய சிலிண்டர், சுமார் 7,000 லிட்டர், ஒன்று வண்டியில் நிலையாக இருக்கட்டும். மாற்றுச் சிலிண்டரும் நிரப்பும் செலவும் பட்டியலில் வரட்டும்.

'வண்டியை எங்கள் ஆலை வாசலில் நிறுத்துங்கள், எங்கள் ஆட்களுக்கு உதவும்' என்று நிறுவனம் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது சி.எஸ்.ஆர். ஆகாது. பின்னால் செலவே செல்லாமல் போகும்.

பணம் வந்ததும் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மத்திய அரசு மானியமாக இருந்தால் அதில் சேரும் வட்டியும் அரசுக்குத் திரும்பப் போக வேண்டும். அந்த மானியத்தைச் செலவழித்ததற்கான சான்றை ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அடுத்த தவணையை நிறுத்துவது அநேகமாக டிரிப் ஷீட் எனும் பயணப் பதிவுத் தாள்தான். அழைப்பு வந்த நேரம், கிளம்பிய நேரம், நோயாளியிடம் சேர்ந்த நேரம், மருத்துவமனையில் ஒப்படைத்த நேரம், இரு முனையிலும் ஓடோமீட்டர் எண், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து: இவை ஒவ்வொரு பயணத்திலும் அங்கேயே எழுதப்பட வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பினால் ஆடிட்டர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். பங்க் ரசீதில் வண்டி எண்ணும் ஓடோமீட்டர் எண்ணும் எழுதி வாங்கி, அன்றைய ஷீட்டோடு பின் அடித்து வையுங்கள்.