சுண்டெலி வளர்ப்பவர்கள் சாப்பாட்டில் விடும் தவறுகள்

வளர்ந்த சுண்டெலி ஒன்றின் எடை 20 முதல் 40 கிராம் வரைதான். ஒரு நாளைக்கு அது தின்பது 4, 5 கிராம். இனி ஒரு கச்சான் பருப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரை கிராமாவது இருக்கும், அதில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. திருகோணமலை டச்பே கடற்கரையில் வாங்கிய சரையிலிருந்து பிள்ளைகள் ஆசைக்கு நாலு பருப்பைக் கூட்டுக்குள் போட்டால், எலியின் அன்றைய சாப்பாட்டில் பாதி அதோடு சரி. அதுவும் உப்புப் போட்டு வறுத்த கச்சான்.

இதைவிடப் பெரிய தவறு, ஹம்ஸ்டருக்கென்று விற்கும் விதைக் கலவையைக் கிண்ணம் நிறையப் போட்டு வைப்பது. விடிய எழும்பிக் கிண்ணத்தைக் கவனியுங்கள். சூரியகாந்தி விதைகள் கோதாகிக் கிடக்கும், தானியமும் பெல்லட்டும் (அரைத்த தீனியை அழுத்திச் செய்த சிறு கட்டிகள்) போட்டபடியே இருக்கும். கொழுப்பான விதையை மட்டும் பொறுக்கித் தின்பது எலியின் இயல்பு. நாமும் கிண்ணம் குறைந்துவிட்டதென்று திரும்ப நிரப்புவோம். இப்படியே போனால் எலி கொழுக்கும், ஆனால் உடம்புக்குத் தேவையான சத்து சேராது.

பெல்லட்டை முக்கிய உணவாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கடியிலும் ஒரே சத்து என்பதால் பொறுக்கித் தின்ன வழியில்லை. வளர்ந்த எலிக்கு 14 முதல் 16 வீதம் புரதம் உள்ளது போதும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். பெல்லட் கைக்குக் கிடைக்காத நாட்களில் ஓட்ஸ், குரக்கன், அவித்த பயறு, கொஞ்சம் அவித்த முட்டை என்று சமாளிக்கலாம். அதையே மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது.

மாரி காலத்தில் வேறொரு ஆபத்து. ஐப்பசியிலிருந்து தை வரை நம் பக்கத்து ஈரப்பதத்தில் கச்சானிலும் சோளத்திலும் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. கழுவினாலோ வறுத்தாலோ அது முழுதாகப் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். பூசண வாசம் அடித்தால் பாவம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

திருகோணமலைக் கோட்டையில் திரியும் மான்களுக்குக் கையில் அகப்பட்டதையெல்லாம் நீட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மானுக்கே அது நல்லதல்ல. எலி நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ஆகவே சொக்லேட், வெங்காயம், உள்ளி, வேகாத பீன்ஸ் விதை, உறைப்பும் உப்பும் போட்ட கறி எதுவும் வேண்டாம். சீஸ் என்றால் எலிக்கு உயிர் என்று கார்ட்டூனில் காட்டுவார்கள். உண்மையில் அதில் இருப்பது தேவைக்கு மிஞ்சிய கொழுப்பும் உப்பும்தான்.

மரக்கறி நல்லது. கரட், பூசணி, புறோக்கோலி என்று விரல் நகமளவு துண்டு போதும். வத்தகப்பழம், கெக்கரிக்காய் போன்ற தண்ணீர்ச் சாமான் கூடினால் வயிற்றோட்டம் வரும். எலி தின்றதுபோக மிச்சத்தைக் கூட்டு மூலையில் ஒளித்து வைக்கும், அது அழுகுமுன் தேடி எடுத்துவிடுங்கள். எலி இரவில்தான் சுறுசுறுப்பு, அதனால் சாப்பாட்டைப் பின்னேரம் வைப்பதே சரி.

பாணை ஊறவைத்து மெத்தென்று கொடுப்பதும் சரியில்லை. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க ஏதாவது வேண்டும். மருந்தடிக்காத கொய்யாக் குச்சி ஒன்று போடுங்கள்.

தண்ணீர்ப் போத்தலின் குழாய் நுனியில் இருக்கும் சின்னக் குண்டு சில வேளை இறுகிவிடும். போத்தல் நிறைந்திருக்கும், எலியோ தாகத்தில் கிடக்கும். தினமும் விரலால் குண்டைத் தட்டி, துளி வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கிழமைக்கொரு தடவை சமையல் தராசில் எலியை நிறுத்து எழுதி வையுங்கள். 30 கிராம் எலிக்கு 3 கிராம் குறைவதென்பது உடம்பில் பத்தில் ஒன்று. அப்படிக் குறைந்தாலோ ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தாலோ அடுத்த நாளுக்குத் தள்ளாமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.