"புரியுதாம்மா?" என்று கேட்காதீர்கள்: சுகாதார போஸ்டர் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்டர், நோட்டீஸ், வாட்ஸ்அப் வீடியோ என்று விழிப்புணர்வுப் பொருள்கள் செய்யும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நாங்கள் விழுந்த அதே இடம். எழுத்துப் பிழை, பொடி எழுத்து பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை அச்சகத்துக்காரரே சொல்லிவிடுவார்.

"பொதுமக்களுக்கு"

யாருக்கு இந்த போஸ்டர் என்று கேட்டால் வரும் பதில் இது. கொஞ்சம் கெட்டிக்காரர்கள் "கிராமப்புறத் தாய்மார்கள், வயது 20 முதல் 35" என்பார்கள். ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி) போஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வயிற்றால் போகிற பகல் நேரத்தில் அம்மா நூறு நாள் வேலைக்கோ கம்பெனி வேனிலோ போயிருப்பார். கரைத்துக் கொடுப்பது பாட்டி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதத்துச் சொச்சம். பாட்டிகளை மட்டும் தனியே எண்ணினால் இன்னும் குறையும். அந்த நேரத்தில் பாக்கெட் யார் கையில் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

"புரியுதாம்மா?"

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். அங்கன்வாடி வாசலில் நாலு பேரை உட்காரவைத்து, போஸ்டரை விரித்து, "புரியுதாம்மா?" என்று கேட்கிறார்கள். "நல்லாப் புரியுது தம்பி" என்று பதில் வருகிறது. வெயிலில் அலைந்து வந்த பிள்ளையிடம் புரியவில்லை என்று யார் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் நமக்குத்தான் படிப்பில்லை என்று ஆகிவிடுமே என்ற கூச்சம் வேறு. அந்தப் பதிலை வைத்து 'முன்சோதனை முடிந்தது' என்று எழுதி, ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிடுகிறார்கள்.

அப்படி 'புரிந்த' ஒரு போஸ்டரைக் காட்டி, ஒரு அம்மாவிடம் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைக் கொடுத்து, "கரைச்சுக் காட்டுங்கம்மா" என்றேன். போஸ்டரில் கண்ணாடி ஜக், பக்கத்தில் '1 லிட்டர்'. அவர் வீட்டில் ஜக் கிடையாது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்தார், பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்தார், பாதியைக் கொட்டிவிட்டு மீதியைச் சாயந்திரத்துக்கு ஆகும் என்று மடித்து ரப்பர் பேண்ட் போட்டார். 200 மில்லி டம்ளர் என்றால் உப்பு இரண்டரை மடங்கு. குழந்தைக்கு அது ஆபத்து. கம்மியாகப் போட்டாலோ பிரயோஜனமில்லை. போதாக்குறைக்கு 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் மருந்துக்கடையில் கிடைக்கிறது, கையில் இருப்பது எது என்று போஸ்டர் சொல்லவே இல்லை.

ஜக்கை எடுத்துவிட்டு, பெட்டிக்கடையில் விற்கிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வரைந்து, பெரிய பாக்கெட் தலைகீழாக முழுசும் கொட்டுகிற மாதிரி போட்டோம். அப்புறம்தான் பாக்கெட்டை மடித்து வைப்பது குறைந்தது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதற்கு மட்டும் இன்னும் படம் சிக்கவில்லை. சூரியன், நிலா, மறுபடி சூரியன் என்று போட்டுப் பார்த்தோம், "வெயில்ல வைக்கணுமா தம்பி?" என்றார் ஒரு பாட்டி.

ஆகவே, "இதைப் பார்த்துட்டு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கையைப் பாருங்கள். நடுவில் எடுத்துக் கொடுக்காதீர்கள், தலையாட்டாதீர்கள். அதிகாரி மேஜையில் ஓகே ஆகிவிட்டதே என்றால், அவரா கரைக்கப் போகிறார்?

படங்களின் வரிசை

இடமிருந்து வலமாகப் பார்ப்பது படித்தவர்களின் பழக்கம். போஸ்டரில் நாலு படம் இருந்தால், நாலையும் தனித்தனித் தாளாகக் கொடுத்து அடுக்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஒரே போஸ்டரில் எல்லாம்

ஓஆர்எஸ், 14 நாள் ஜிங்க் மாத்திரை, கை கழுவுதல், கழிப்பறை. நாலு போஸ்டர் போடுங்கள்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் க்யூஆர் கோடு

ஆறடிக்கு மேலே ஒட்டுவார்கள். ஏணி யார் கொண்டுவருவது?

லோகோ

கீழே ஒரே வரிசை, எல்லாம் ஒரே அளவு. லோகோவுக்குச் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.